காய்ச்சலில் போன தம்பி

கணவர் தூங்கிக்கொண்டிருக்க, மகள் நூலகத்துக்குப் போயிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மூத்தவள் தன் கூடப்பிறந்தவளைத் தூரத்துச் சொந்தமாக்கினாள். அதற்கு அரைப் பக்கம்தான் தேவைப்பட்டது.

காய் நறுக்கும் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 'இவரை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். நல்லவர், உழைப்பாளி. இவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும்.' கடைசி வரியில் 'உண்மை' என்று எழுதும்போது கை கூசியது. அடித்துவிட்டு வேறு சொல் போடலாமா என்று யோசித்தாள். அடித்தல் திருத்தல் இருந்தால் ஏற்க மாட்டார்களோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டாள். உறையில் போட்டு ஒட்டி, பால் வாங்கப் போகிறவள் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு போய்த் தபால்பெட்டியில் போட்டாள். நிஜமாகவே பாலும் வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பாக்கெட் பால் இருந்தது.

சுண்டு கேட்டது இந்தக் கடிதத்தை இல்லை.

சுண்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். எட்டாம் மாதத்திலேயே, சுண்டுவிரல் மாதிரி பிறந்த பிள்ளை என்று அம்மா சொல்லிச் சொல்லி அதுவே நிலைத்துவிட்டது. தம்பியாகப் பிறந்தவள். பத்தொன்பது வயதில், தான் பெண் என்று அப்பாவிடம் நேருக்கு நேர் சொன்னாள். அன்றைக்கே வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டாள். வேறு ஊருக்குப் போய், பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டாள். கடைவாய்ப் பல் செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர் வாங்கினாள். பல வருஷம் அங்கே திருநங்கையாக, தன் சம்பாத்தியத்தில், தன் அறையில் இருந்தாள். அப்புறம் ஒரு கும்பல் தெருவில் வைத்து அடித்துப் போட்டது. புகார் கொடுக்கப் போன இடத்தில் சிரித்தார்கள். வீட்டுக்காரர் அவள் சாமான்களைப் படிக்கட்டில் எடுத்து வைத்துவிட்டார். கிளம்பி வந்து இந்த நாட்டில் அடைக்கலம் கேட்டாள். மூத்தவள் இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒரு விடுதியில், நான்கு கட்டில் போட்ட அறையில் காத்திருக்கிறாள்.

அவளை விசாரித்த அதிகாரிகள் நியாயமாகத்தான் கேட்டார்கள். பழைய தாள்களில் வேறு பெயர், வேறு படம். அது நீதான் என்று யார் சொல்வது? வீட்டை விட்டுத் துரத்தினார்கள் என்கிறாயே, பார்த்தவர் யார்? அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா போய் நான்கு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் மூத்தவள் ஒருத்திதான். அவளும் இதே நாட்டில் இருக்கிறாள். இதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும் என்று சுண்டுவின் வக்கீல் சந்தோஷப்பட்டாராம்.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம்க்கா," என்று சுண்டு போனில் சொன்னாள். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தோம், அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன். இவ்வளவு எழுதினாப் போதும்."

அந்த இவ்வளவைத்தான் மூத்தவளால் எழுத முடியாது. அடுத்த மாதம் அவளுக்கும் கணவருக்கும் மகளுக்கும் குடியுரிமை நேர்காணல். மூன்று பேருக்கும் ஒரே கோப்பு. அந்தக் கோப்பின் ஏழாம் பக்கத்தில், உடன்பிறந்தோர் என்ற கட்டத்தில், அவள் கைப்படவே எழுதியிருந்தது: தம்பி ஒருவன். இறந்துவிட்டான்.

சுண்டுவை முதலில் சாகடித்தது அப்பாதான். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயம். பையன் எங்கே என்று கேட்டவர்களிடம், வெளியூரில் வேலையாக இருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை, கல்யாணத்துக்கு வருவான்தானே என்று கேள்வி கிளை விட்டுக்கொண்டே போனது. செத்தவனைப் பற்றி யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை என்று எப்படியோ கண்டுபிடித்தார். வெளியூரில் காய்ச்சல், நாலே நாள், முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மூத்தவள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்படி எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர்தான் கணவர். லிஃப்ட் மெக்கானிக். கல்யாணப் பேச்சுக்காக வந்த அன்றைக்கு, பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அவளிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பிய நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கும். அழணும்னா அழுதுடுங்க. நான் ஒண்ணும் தப்பா நெனச்சுக்க மாட்டேன்." அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலுக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இன்றைக்குவரை அவர்மேல் இருக்கும் பிரியம் எங்கே தொடங்கியது என்று யோசித்தால், இந்தப் பொய்யில்தான் போய் முட்டுகிறது.

இந்த நாட்டுக்கு வந்தபிறகு படிவம் நிரப்பும்போதும் அவர் அந்தக் கட்டம் வந்ததும் நிறுத்தி, "குடு, இதை நான் எழுதிக்கறேன்" என்றார். அவள்தான் பிடிவாதமாகத் தானே எழுதினாள். இறந்த தேதி கேட்டிருந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே தேதி சுண்டு வீட்டை விட்டுப் போன தேதி. அதைப் போட்டாள்.

இத்தனைக்கும் சுண்டுவோடு பேச்சு அறுந்துவிடவில்லை. வருஷத்துக்கு மூன்று, நான்கு தடவை, வேலைக்கு நடுவே சாப்பாட்டு நேரத்தில், மூத்தவள் தான் வேலை செய்யும் சலவைக்கூடத்தின் பின்முற்றத்தில் நின்று பேசுவாள். வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுவதில்லை என்பது மட்டும் சுண்டுவுக்குத் தெரியும். தான் செத்துப்போயிருப்பது தெரியாது.

அந்தச் சலவைக்கூடத்தில் நகரத்து ஆஸ்பத்திரிகளின் போர்வைகள் எல்லாம் வந்து குவியும். துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்தால், மறுபக்கம் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு வெளியே வரும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து, மடித்து, திரும்பப் பின்னால் போய், மறுபடி நடந்து வந்து மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு போர்வை. மூத்தவளின் எதிர்முனையைப் பிடிப்பவளை எல்லோரும் எதிர்முனைக்காரி என்றே கூப்பிட்டார்கள். "என் வீட்டுக்காரர்கூட என்கிட்ட இத்தனை தடவை நடந்து வந்ததில்லை" என்று அவள் தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் இருக்க மாட்டாள்.

ஒரு தடவை பின்முற்றத்தில் சுண்டுவோடு பேசிவிட்டு மூத்தவள் கண் கலங்கி உள்ளே வந்ததை மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டார். வாயில் தயாராக இருந்தது அது ஒன்றுதான்: தம்பி இறந்துபோன நாள். அவர் அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார், சம்பளத்தோடு. அடுத்த வருஷம் அவரே அந்தத் தேதியை ஞாபகம் வைத்திருந்து விடுமுறை கொடுத்தார். அதற்கடுத்த வருஷமும். ஆக, ஆறு வருஷமாக, வருஷத்துக்கு ஒரு நாள் சுண்டு செத்ததற்காக மூத்தவளுக்கு விடுமுறை. அந்த நாட்களில் அவள் ஜன்னல் திரைகளைத் துவைத்தாள். ஒரு வருஷம் மகளோடு மிருகக்காட்சி சாலைக்குப் போய் ஒட்டகச்சிவிங்கி பார்த்துவிட்டு வந்தாள்.

கடிதம் போய்ப் பதினோரு நாள் கழித்து சுண்டு கூப்பிட்டாள். பின்முற்றத்தில் நீராவிக் குழாய் இரைந்துகொண்டிருந்ததால் மூத்தவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

சுண்டு முன்பே தன் வாக்குமூலத்தில் அக்கா இருக்கிறாள், கடிதம் தருவாள் என்று சொல்லியிருந்தாள். இப்போது வந்த கடிதம் தூரத்துச் சொந்தம் என்கிறது. இரண்டில் எது பொய் என்று அதிகாரி கேட்டாராம். வக்கீலுக்கு முகம் சுருங்கிப்போயிற்றாம்.

"நீ என்ன சொன்ன?" என்றாள் மூத்தவள்.

"உனக்கு ஏதோ பிரச்சினை இருக்குதுன்னு புரிஞ்சுதுக்கா. இல்லேன்னா அப்படி எழுத மாட்ட. அதனால நான் சொன்னதுதான் தப்புன்னுட்டேன். பாசத்துல அக்கான்னு கூப்பிடற பழக்கம், அவங்க தூரத்துச் சொந்தம்தான்னு சொல்லிட்டேன்."

"அப்போ உன் கேஸு?"

"பொய் சொல்றவள்னு எழுதிக்கிட்டாங்க. பார்க்கலாம். நீ சாப்பிட்டியா?"

மூத்தவள் சாப்பிட்டேன் என்றாள். சாப்பாட்டு டப்பா அவள் கையில் திறக்காமல் இருந்தது. சுண்டு திட்டியிருந்தால் பதிலுக்கு இரண்டு சொல்லி அழுது முடித்திருக்கலாம். அவள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மத்தியானம் மடித்த போர்வைகளில் ஒன்றுகூட முனைக்கு முனை சேரவில்லை. "என்னடி இது, நீ அந்தப் பக்கம் கனவு கண்டுக்கிட்டு நிக்கற, நான் இந்தப் பக்கம் போர்வையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நிக்கறேன்" என்று எதிர்முனைக்காரி அலுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து, கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததால், சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தம்பி உயிரோட இருக்கானா?" என்றார்.

"தங்கச்சி," என்றாள்.

அவர் விரல் விரலாகத் துடைத்தார். கோப்பைப் பற்றித்தான் முதலில் கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவர் கத்தவில்லை.

"மொதல் நாளே என் முன்னாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டியே," என்றார். "நம்ம பொண்ணு பொறந்தப்போ, உன் தம்பி பேரையே கொஞ்சம் மாத்தி வெக்கலாமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா? மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. இவ்வளவு துக்கத்தைக் கிளறிட்டோமேன்னு ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்ல."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவர்தான் குழந்தையின் துணிகளையெல்லாம் துவைத்துப் போட்டார்.

உனக்குத் தெரியும்தானே, உன் மனு விழுந்தால் என்னுடையதும் விழும், பிள்ளையுடையதும் விழும் என்றார். தெரியும் என்றாள்.

"ஆபீஸ்ல இதைச் சொல்லப் போறேன்னு சொல்றியா, போகட்டுமான்னு கேக்கறியா?"

"சொல்றேன்."

"சரி. இதையாவது சொல்றியே," என்றார். அது குத்தலா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் துணியை மடித்து, கருவிப் பெட்டியில் வைத்து, பெட்டியை மூடினார்.

மகளுக்குப் பதினான்கு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர்களுக்கு என்னைத் தெரியுமா என்றாள். தெரியும், உன் போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கிறேன் என்றாள் மூத்தவள். "அப்போ அவங்களுக்கு நாம எல்லாம் இருக்கோம். நமக்குத்தான் அவங்க இல்ல," என்று சொல்லிவிட்டு மகள் அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தக்கூட இல்லை. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நேர்காணல் தேதிவரை காத்திராமல் போனவளை, குடியுரிமை அலுவலகத்தில் ஒரு சிறிய அறையில் உட்காரவைத்தார்கள். சளி பிடித்த அதிகாரி, கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஏழாம் பக்கத்தைப் புரட்டினார். நல்ல மனிதர். அவள் பாதி சொல்வதற்குள்ளாகவே அவளுக்கு வழிவிட்டார். தவறுதலாக நிரப்பிவிட்டீர்களா, வந்த புதிதில் மொழி புரியாமல் நிறையப் பேர் கட்டம் மாற்றி எழுதுவதுண்டு, அப்படி என்றால் பெரிய விஷயம் இல்லை என்றார்.

மூத்தவளின் தலை தானாகவே ஆடியது. ஆமாம் என்று ஆடியது. வாய் திறப்பதற்கு முன்பே ஆடிவிட்டது. அவர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்து எழுதவும் ஆரம்பித்தார். இரண்டு வரி எழுதும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீடு, கணவர், மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பேனா முனையில் பத்திரமாக இருந்தன. பிறகு, மொழி புரியாதவள் தேதியை எப்படி எழுதினாள் என்று நாளைக்கு யாராவது சுண்டுவிடம் கேட்பார்கள், அதற்கும் அவளே ஒரு பொய் சொல்லிச் சமாளிப்பாள் என்று தோன்றியது.

"இல்லைங்க," என்றாள். "புரிஞ்சுதான் எழுதினேன். சாகலைன்னு தெரிஞ்சேதான் எழுதினேன். போன மாசம் அவ அடைக்கலக் கேஸுக்கு எழுதிக் குடுத்த கடுதாசியும் பொய்தான்."

அவர் பேனாவை மூடினார். முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை இருந்த அன்பு அந்தப் பார்வையில் இல்லை. எழுதிய இரண்டு வரியையும் அடித்துவிட்டு, புதிய தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். நேர்காணல் ரத்து. விசாரணை நடக்கும், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது, முடிவு எப்படியும் வரலாம். உடன்பிறப்பு என்று நிரூபிக்க இருவரும் ஒரே நாளில் வந்து எச்சில் பரிசோதனை கொடுக்க வேண்டும். அதன் முடிவு இரண்டு கோப்பிலும் சேரும்.

எதிர்முனைக்காரியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பரிசோதனைக்கு விடுப்பு கேட்க வேண்டியிருந்தது, காரணமாக இன்னொரு சாவைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நெருங்கி வரும்போது ஒரு வாக்கியம், அடுத்த நெருக்கத்தில் இன்னொன்று என்று நான்கு போர்வையில் சொல்லி முடித்தாள். எதிர்முனைக்காரி ஐந்தாவது போர்வையை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ ஆறு வருஷமா அந்த நாள்ல உன் பங்கையும் சேர்த்து நான் மடிச்சேனே, அது எதுக்குடி?" என்றாள். "பாவம், அழுதுக்கிட்டு இருப்பான்னு நெனச்சு ஒரு வார்த்தை முணுமுணுக்காம மடிச்சேன்."

அன்றைக்கு முழுக்க வீட்டுக்காரர் நகைச்சுவைகூட வரவில்லை. மேற்பார்வையாளரிடம் எதிர்முனைக்காரியே போய்ச் சொன்னாளா, செய்தி தானாகப் போயிற்றா தெரியாது. விடுப்புச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது அவர் மூத்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தின் காத்திருக்கும் இடத்தில் இருபது பேருக்குமேல் இருந்தார்கள். சுண்டு முன்பே வந்து சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் அவளைப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறாள். சாம்பல் நிறச் சட்டை, இறுக்கிக் கட்டிய கூந்தல், அம்மாவின் நெற்றி. இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு. அது மட்டும் குடும்பத்திலிருந்து வந்தது இல்லை. அவள் எழுந்துகொள்வதற்குள் ஊழியப் பெண் மூத்தவளைக் கூப்பிட்டு, கூட வந்திருப்பவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"தங்கச்சி," என்றாள் மூத்தவள்.

கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் ஊழியப் பெண்.

பக்கத்தில் இருந்தவர்கள் சுண்டுவைப் பார்த்துவிட்டு, மூத்தவளைப் பார்த்துவிட்டு, மறுபடி சுண்டுவைப் பார்த்தார்கள். சுண்டு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குப் பழகியவள் மாதிரி இருந்தாள். மூத்தவளின் காது மடல் இரண்டும் எரிந்தன. "என் கூடப்பிறந்த தங்கச்சி," என்று தேவைக்கு மேலேயே சத்தமாகச் சொல்லிவிட்டாள். ஒரு குழந்தை திரும்பிப் பார்த்தது.

பஞ்சு சுற்றிய குச்சியால் இருவருக்கும் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுத்தார்கள். ஐந்து நிமிஷ வேலை. வெளியே வந்து, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார்கள்.

"வக்கீல் எல்லாம் சொன்னாங்க," என்றாள் சுண்டு. "நான் எதுல செத்தேன்?"

மூத்தவள் மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "காய்ச்சல்ல."

"வெறும் காய்ச்சலா?" சுண்டு சிரித்தே விட்டாள். "கொஞ்சம் கௌரவமா ஏதாவது குடுத்திருக்கக் கூடாதா? எத்தனை நாள் கெடந்தேன்?"

"நாலு நாள்."

"பரவால்ல. ரொம்ப இழுத்துக்கலை." சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அடங்கிய பிறகு கேட்டாள்: "நீ அழுதியா?"

"அழுதேன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க."

"நான் அதைக் கேக்கலைக்கா."

"இல்ல," என்றாள் மூத்தவள். "அழலை."

சுண்டு தலையை ஆட்டினாள். எதிர்பார்த்த அளவு சரியாக இருக்கிறது என்று பல்லச்சைத் திருப்பிப் பார்த்து வைப்பவளைப் போல இருந்தது அந்த ஆட்டல். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாயா, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், பிள்ளை பார்க்க வேண்டும் என்கிறாள் என்று மூத்தவள் அவசரம் அவசரமாகச் சொன்னாள். பிள்ளை அப்படிச் சொல்லியிருக்கவில்லை. சொன்ன உடனேயே அதுவும் ஒரு பொய் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

"பிள்ளை இன்னும் எங்கிட்ட சரியாப் பேசலை," என்றாள். "நான்தான் கூப்பிடறேன்."

"வரேன். இந்த ஞாயித்துக்கிழமை இல்ல. அவளா கேக்கட்டும்." விடுதிக்குப் போகும் பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. சுண்டு எழுந்து சட்டையை நீவிக்கொண்டாள். "மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லுவேன்னு பாக்கற. சொல்ல மாட்டேன்க்கா. இப்போ சொன்னா நீ நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவ."

அவள் ஏறினாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. மூத்தவள் கையை உயர்த்தினாள். சுண்டு பையை மடியில் சரிசெய்துகொண்டு, முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் நகர்ந்தது. நிறுத்தத்தில் நின்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயர்த்திய கையை எப்படிக் கீழே இறக்குவது என்று தெரியாமல் மூத்தவள் அப்படியே நின்றாள்.